ரெண்டாம் முனை

ரோட்டில் வண்டியை நிறுத்தவும் விடவும் ஒருவனுக்கு நான்கு நாள் வகுப்பு வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் மில்லில் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சிரிக்க மில் இருந்தால்தானே. தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் சங்கு ஊதாத மில்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின, எங்களுடையதும் அதில் சேர்ந்துகொண்டது. பதினான்கு வருஷம் ஸ்பின்னிங்கில் நின்ற எனக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அவிநாசிக்குப் பக்கத்திலிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. "நெலையா ஒரு வேலை அமைஞ்சதும் சொல்லுங்க, வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் கணபதியில் ஒற்றை அறையில் தங்கிவிட்டேன். சுற்றிலும் லேத் பட்டறைகள், பகலெல்லாம் இரும்புச் சத்தம். அத்தனை சத்தத்துக்கு நடுவில் என்னோடு பேச ஒரு ஆள் இல்லை. சில நாட்கள் யோசித்துப் பார்த்தால், காலையில் டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துபோயிருக்கும். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பார்கள். குறைதான். எனக்கு அது வயிற்றுப் பசியைவிடப் பெரிய குறையாக இருந்தது.

ரோடு போடும் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வேலை நடக்கும் இடத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்துவதற்கு நான்கு நாள் பயிற்சி, முடிவில் ஒரு சர்ட்டிபிகேட், பிறகு ஆறு மாதம் வேலை. அந்த ஆறு மாதமும் விபத்தோ புகாரோ இல்லாமல் நின்றுவிட்டால் கம்பெனியிலேயே நிரந்தரம் என்றார்கள். நிரந்தரம் என்று காதில் விழுந்ததும் மகளை இங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூடிக்கிடந்த ஒரு பட்டறையில்தான் வகுப்பு. தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை. எங்கள் அணியில் ஆறு பேர், ஆறு பேரும் ஏதோ ஒரு மில்லில் இருந்து வெளியே வந்தவர்கள். பாடம் எடுத்த எஞ்சினியர் வெளி ஜில்லாக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எங்களை நீ, வா, போ என்றுதான் பேசுவார். தரையில் சாக்பீஸால் ரோடு வரைந்து, தீப்பெட்டிகளை லாரியாகவும் பஸ்ஸாகவும் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். 'வேலை நடக்கிறது' போர்டை எவ்வளவு தூரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், ஆரஞ்சுக் கூம்புகளைச் சாய்வாக அடுக்கி வண்டியை எப்படி ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூடாது. லாரிக்காரன் நிறுத்தாமல் வந்தால் எந்தப் பக்கம் குதிப்பது என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் முற்றத்தில் செய்து பார்த்தோம். வண்டி ஏது? நாங்களேதான் வண்டி. மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் பஸ்ஸாக மாறி வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். நான் சிவப்புப் போர்டைக் காட்டியும் நிற்காமல் என்னைத் தாண்டிப் போய்விட்டு, "பிரேக் புடிக்கலீங்க" என்றார். வீட்டுக்காரி ஊருக்குப் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் வாக்கி டாக்கி வந்தது. ரோட்டின் ஒரு பாதியைத் தோண்டிவிட்டால் மறுபாதியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். இந்த முனையில் ஒருவன், அந்த முனையில் ஒருவன் நிற்க வேண்டும். நடுவில் வளைவு இருந்தால் ஒருவனுக்கு ஒருவன் தெரியமாட்டான். என் பக்கத்தை நிறுத்தியதும், கடைசியாக உள்ளே போன வண்டி எது என்று நான் அடுத்த முனைக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டி தன்னைத் தாண்டியதும் அவன் "விடலாமா" என்று கேட்பான். நான் "விடு" என்றால் விட வேண்டும், "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். இரண்டே சொற்கள். பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு பொறுத்துத்தான் பேச வேண்டும், அவசரப்பட்டால் முதல் சொல்லை அந்தக் கருவி விழுங்கிவிடும்.

எஞ்சினியர் பலகையில் 'விடு', 'நிறுத்து' என்று பெரிதாக எழுதினார். கீழே 'வா', 'போ', 'வரட்டுமா', 'சரி' என்று எழுதி, அவற்றின் மேல் குறுக்கே கோடு போட்டார்.

"இந்த ஊர்ல போறவனும் வாரேன்னுதான் சொல்றான். வான்னா யார் வர்றது? எந்தப் பக்கம் வர்றது? வாக்கி டாக்கில இந்த 'ங்க'வும் கூடாது. நீ 'ங்க' போட்டு முடிக்கிறதுக்குள்ள லாரி மோதிடும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கன்றுக்குட்டியைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிடுகிற ஊரில் ஒரு மனிதனைப் பார்த்து மொட்டையாக "விடு" என்பதா? வாய்மொழித் தேர்வில் மேஸ்திரி "நிறுத்து" என்று ஆரம்பித்துக் கடைசியில் ஒரு "ங்க"வை ஒட்டவைத்து இரண்டு தடவை தோற்றார். நான் மட்டும் முதல் தடவையிலேயே பிசிறில்லாமல் சொல்லிச் சபாஷ் வாங்கினேன். அதனால் பின்னால் நடந்ததற்கு விதி தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அன்னூர் ரோட்டில், மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற பள்ளம் ஒன்றின் மேலிருந்த பழைய பாலத்தை அகலப்படுத்தும் இடத்தில் என்னைப் போட்டார்கள். பாலத்தின் ஒரு பாதியை இடித்துவிட்டு மறுபாதியில் வண்டி விட்டார்கள். கோயமுத்தூர் பக்கம் முதல் முனை, அங்கே நான். வளைவுக்கு அப்பால், அன்னூர் பக்கம் ரெண்டாம் முனை. அங்கே எனக்கு முந்தைய அணியில் பயிற்சி முடித்த ஒருவர் நின்றார். நான் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவேன், அவர் அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். சூப்பர்வைசர் ஜீப்பில் வந்து ஆளுக்கொரு வாக்கி டாக்கியைக் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அவரவர் வந்த வழியே திரும்பிவிடுவோம். அரை கிலோமீட்டர் நடந்தால் அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். நாலு மாதத்துக்கு மேல் நான் நடக்கவில்லை. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது.

நாள் முழுக்க எத்தனையோ பேர் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் என் கையிலிருந்த போர்டைத்தான். நிறுத்தினால் திட்டுவார்கள், விட்டால் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மில்லில் என் பக்கத்து மெஷினில் எட்டு வருஷம் நின்றவன் ஒருநாள் பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். என்னை நேருக்கு நேர் பார்த்தான், அடையாளம் தெரியாமல் போய்விட்டான். நான் கை தூக்கியிருப்பேன், ஆனால் ஒரு கையில் போர்டு, இன்னொன்றில் வாக்கி டாக்கி.

ரெண்டாம் முனைக்காரரோடு ஆரம்பத்தில் முறைப்படிதான் பேசினேன். "கடைசி வண்டி வெள்ளைக் கார்." "வெள்ளைக் கார் வந்தாச்சு, விடலாமா?" "விடு." இது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 'விடு' என்பது 'விடுங்க' ஆகி, 'உடுங்க'வில் வந்து நின்றது. அவர் என்னை அண்ணா என்றார், நான் அவரைத் தம்பி என்றேன்.

ஒருநாள் அவர் குரல் வந்தது. "கடைசீல ஒரு மொபெட்டு வருதுங்ண்ணா. பின்னால ஆட்டுக்குட்டி உக்காந்திருக்குது, மனுசனாட்டவே."

சொன்னபடியே இரண்டு நிமிஷத்தில் வளைவைத் தாண்டி ஒரு மொபெட் வந்தது. சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய ஆட்டுக்குட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

"வந்துருச்சுங்க தம்பி. டிக்கெட் கேட்டனுங்க, பாஸ் இருக்குதுன்னு சொல்லுச்சு" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கரகரவென்று கேட்டது.

அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். தவிலை மடியில் வைத்துக்கொண்டு தூங்கும் மேளக்காரர், தலைகீழாகக் கட்டிய பீரோவோடு ஒரு மாட்டு வண்டி, கரும்பு தின்றுகொண்டே ஓட்டும் டிராக்டர்காரர். பார்க்கத் தகுந்த வண்டியாகத் தேர்ந்தெடுத்து அதையே கடைசி வண்டியாக விடுகிறார் என்று எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. வேறு யாருக்காகச் செய்தார்? எனக்காகத்தான். அது புரிந்த அன்று நான் ரோட்டோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி விழுந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்லலாம் என்றால் பக்கத்தில் யாரும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் ஐந்து நிமிஷத்தில் "எந்த ஊருங்க நீங்க" என்று கேட்டுவிடுவார்கள். ஊருக்குப் பிறகு யாருடைய வீடு என்று கேட்பார்கள். அதோடு மற்றதெல்லாம் தெரிந்துவிடும், அதற்குத் தகுந்தபடி பேச்சும் மாறிவிடும். சொந்தக் கதை பேசக்கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்ததால் நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவ்வளவு நாளும் நாங்கள் வெறும் அண்ணன் தம்பியாக இருந்தோம்.

மதியம் ஒரு மணிக்கு அவர் இடத்தில் நிற்க மாற்று ஆள் வருவார். அவர் சோறு உண்ணப் போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "வரட்டுங்களாண்ணா?" என்பார். கிளம்புகிறவன் போகிறேன் என்று எங்கள் ஊரில் சொல்லமாட்டான், வரட்டுமா என்றுதான் கேட்பான். நான் "வாங்க தம்பி" என்பேன். என்னிடம் சொல்லிக்கொண்டு போக அந்த ஒரு மனிதர்தான் இருந்தார்.

ஐந்தாம் மாதம் ஒருநாள், மணி ஒன்று இருக்கும். என் பக்கத்து வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பால் வண்டிக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நான் இன்னும் நிறுத்தவில்லை, கடைசி வண்டி எது என்றும் சொல்லவில்லை. தூரத்தில் ஒரு டவுன் பஸ் தெரிந்தது, அதையும் விட்டுவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். பஸ் என்னைத் தாண்டும்போது வாக்கி டாக்கியில் குரல் வந்தது.

"வரட்டுங்களாண்ணா?"

சோறு உண்ணக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். "வாங்க தம்பி, வாங்க" என்றேன்.

அவர் கேட்டது "வண்டி வரட்டுங்களாண்ணா" என்று. முதல் சொல்லைக் கருவி விழுங்கிவிட்டது. பால் வண்டிக்குப் பிறகு வெகுநேரம் எதுவும் வராததால் என் பக்கம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். நான் வாங்க என்று இரண்டு தடவை சொன்னதும் தன் பக்கத்தைத் திறந்துவிட்டார். பாதிப் பாலத்தில் டவுன் பஸ்ஸும் கல் லாரியும் எதிரும் புதிருமாக வந்து நின்றன. லாரிக்கு முன்னால் சைக்கிளில் போன ஒருவர் ஒதுங்க இடமில்லாமல் தோண்டிப்போட்ட பக்கம் விழுந்தார்.

நான் ஓடினேன். எதிர்ப் பக்கத்திலிருந்து கம்பெனியின் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவர் ஓடி வந்து எனக்கு முன்னால் குழிக்குள் குதித்தார். ஒல்லியான ஆள், முப்பது வயது இருக்கும், காதோரம் அதற்குள் நரைத்திருந்தது. விழுந்தவருக்குக் கால் முறிந்திருந்தது. நான் தோளைப் பிடிக்க அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். முதல்தடவை அவரைப் பார்த்தது இப்படித்தான்.

மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் பயிற்சி நடந்த பட்டறைக்கு வரச் சொன்னார்கள். தப்பு யாருடையது என்று ஒருவர் பெயரை எழுதி மேலே அனுப்ப வேண்டும், அந்த ஆளுக்கு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் ஜீப்பிலேயே சொல்லிவிட்டார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அவிநாசிக்குப் போய், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நீ கோயமுத்தூரில் இருப்பாய் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எஞ்சினியர் முதலில் என்னைத்தான் கேட்டார். "நீ விடுன்னு சொன்னியா?"

"இல்லீங்க. விடுன்னு நான் சொல்லலீங்க."

அது பொய் இல்லை. அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை. அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டதும், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன்.

எஞ்சினியர் ரெண்டாம் முனைக்காரர் பக்கம் திரும்பினார். "அவன் என்னதான் சொன்னான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் செரியாக் கேக்கலீங்க சார். நானாத்தான் உட்டுப்போட்டனுங்க."

எஞ்சினியர் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. வாயைத் திறக்க ஒரு நொடி போதும். நான் திறக்கவில்லை. குடும்பத்துக்காக என்று அன்றைக்கு மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன், இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நான் பயந்தேன், அவ்வளவுதான். ரெண்டாம் முனைக்காரர் மேல்சட்டையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்.

ரெண்டாம் முனைக்கு வேறொருவர் வந்தார். நல்ல வேலைக்காரர். "லாரி வந்தாச்சு. விடலாமா?" என்பார், நான் "விடு" என்பேன். நாள் முழுக்க அந்தக் கருவியில் அதற்கு மேல் ஒரு சொல் வராது. வளைவைத் தாண்டி வருகிற ஒவ்வொரு வண்டியையும் நான் எட்டிப் பார்ப்பேன். வெறும் வண்டிதான் வரும்.

எனக்கு நிரந்தரம் ஆனது. மனைவியும் மகளும் வந்தார்கள், பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோனோம். ஒருநாள் மனைவி கேட்டாள். "ஏனுங்க, நாங்க வந்தும் நீங்க தனியாவே இருக்கறாப்பல இருக்கறீங்க?" அவள் உட்கார்ந்திருந்த அந்த வீடே எதைக் கொடுத்து வாங்கியது என்று எப்படிச் சொல்ல?

கம்பெனி வாட்ச்மேனிடம் அவருடைய ஊரைக் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து உள்ளே நாலு மைல். ஊர் முகப்பில் இருந்த டீக்கடையில் வழி விசாரித்தேன். கடைக்காரர் வழி சொல்லவில்லை, நான் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அவன் வீடு காலனிக்குள்ளீங்க. நீங்க எதுக்குங்க அங்கெல்லாம் போய்க்கிட்டு? ஆள் உட்டுச் சொன்னாப் போதும், இங்கயே வந்துருவானுங்க."

எனக்கு நீங்க, அவருக்கு அவன். பாட்டன் வழி நிலமெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஆனால் அந்த 'நீங்க' மட்டும் எனக்காக அங்கே காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே நடந்தேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கி வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார். "உக்காருங்க" என்றார். கையெல்லாம் செயின் எண்ணெய். இப்போது ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஆருங்க வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"கம்பெனிக்காரரு. ஒரு காப்பி வெய்யி அம்மணி."

நான் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார். "நீங்களும் உக்காருங்க தம்பி" என்றேன். "இருக்கட்டுங்க" என்றார். அவர் பேசிய எல்லாவற்றிலும் மரியாதை இருந்தது, அண்ணா மட்டும் இல்லை. காப்பி வந்தது. நான் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் வாங்கன்னு சொன்னனுங்க" என்றேன்.

"கேட்டுதுங்க. நல்லாவே கேட்டுது."

"அப்பறம் ஏனுங்க தம்பி எஞ்சினியர்கிட்டச் சொல்லல?"

அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றார். "காப்பி ஆறுதுங்க, குடிங்க."

குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.